வலையமைப்பு அடைவுகளில் தமிழ்ப் பெயர்ப்பதிவு: குடும்பப்பெயர்ப் புலமும் தலையெழுத்தும்

திறவுச்சொற்கள்: அடைவு, எல்டாப், இயற்பெயர், தலையெழுத்து, ஒருங்குறி, தரவு உள்ளீடு

முன்னுரை

பல்கலைக்கழகம், மருத்துவமனை, அரசு அலுவலகம் போன்ற பெருநிறுவனங்களின் கணினி வலையமைப்பில் பயனர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு உண்டு. மின்னஞ்சல், கடவுச்சொல், கோப்புகளைத் திறக்கும் அனுமதி ஆகியன அப்பதிவைச் சார்ந்தே இயங்குகின்றன. இப்பதிவுகளின் தொகுப்பு அடைவு எனப்படும். அதில் பெயரை எவ்வாறு எழுதுவது என்பது கணினிப் பிரிவினரின் உள்விவகாரமாகவே கருதப்படுகிறது. ஆனால் குடும்பப்பெயர் வழக்கமில்லாத சமூகத்தின் பெயர்களைக் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கும் கட்டமைப்பினுள் செலுத்தும்போது எழும் சிக்கல் பெயரியல் சார்ந்தது, எழுத்திலக்கணம் சார்ந்ததும்கூட. அச்சிக்கலை ஆராய்ந்து ஒரு பதிவு நெறியை இக்கட்டுரை முன்வைக்கிறது.

குடும்பப்பெயர்ப் புலம்

அடைவுகளுக்கான எக்ஸ்.500 தரநெறி 1988-இல் வெளிவந்தது. அதன் எளிய வழிவந்ததே இன்று பரவலாகப் பயன்படும் எல்டாப் நெறிமுறை. இதில் 'ஆள்' என்னும் பொருள்வகைக்குப் பொதுப்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரு புலங்கள் கட்டாயமானவை. இடுபெயர்ப் புலம் விருப்பத்திற்குரியது. அதாவது, தமிழர் ஒருவரிடம் இருக்கும் பெயரைக் கட்டமைப்பு வற்புறுத்திக் கேட்பதில்லை. இல்லாத ஒன்றையே கேட்கிறது.

விதி எழுதப்படாத இடத்தில் உள்ளீட்டாளரே விதியாகிறார். ஒருவர் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக இடுகிறார். இன்னொருவர் தலையெழுத்தை மட்டும் இடுகிறார். வேறொருவர் புள்ளி ஒன்றை வைத்துக் கடந்துவிடுகிறார். விண்ணப்பங்களில் 'குமரன் க.' எனத் தலையெழுத்தைப் பின்னால் எழுதும் வழக்கம் பெருகியிருப்பதால், இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் நிரல் 'க.' என்பதையே குடும்பமாக்கிவிடுகிறது. ஒரே அடைவில் இவை யாவும் கலந்திருக்கும்போது, பெயரால் தேடி ஒருவரைக் கண்டறிதல் தற்செயலாகிவிடும்.

கணித மேதை சீனிவாச இராமானுஜன் பெயரில் முதற்கூறு தந்தையுடையது. பின்னதே அவர் பெயர். இயற்பியலறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் பெயரும் அத்தகையதே. மேலைநாட்டார் 'சந்திரசேகர்' என்பதைக் குடும்பப்பெயராகக் கொண்டனர். 'சந்திரசேகர் வரம்பு' என அறிவியலிலும் நிலைத்தது. தவறான புரிதல் எனினும் அதன் விளைவு சரியானது. ஆளை அடையாளப்படுத்தும் பெயரே அகரவரிசையின் தலைச்சொல்லாயிற்று.

நூலகவியலார் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். 1978-இல் வெளிவந்த ஆங்கில-அமெரிக்க நூற்பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப்பெயரோ அவ்வாறு கையாளப்படும் பெயரோ இல்லாத தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களை இடுபெயரின்கீழ்ப் பதியுமாறு கூறுகிறது. அடைவுக்கும் இதுவே பொருந்தும். குடும்பப்பெயர்ப் புலத்தை 'வரிசைக்குரிய பெயர்' எனக் கொண்டு, அதில் ஆளின் இயற்பெயரை இடுதல் வேண்டும். தந்தை, தாய், ஊர் ஆகியவற்றின் பெயர்களுக்குத் தனிப்புலங்கள் தேவை. குடும்பப்பெயர் உடையோருக்கு அதுவே வரிசைக்குரிய பெயராக அமையும்.

தலையெழுத்து

'சீயாழி இராமாமிர்த ரங்கநாதன்' என்பதில் ஊரும் தந்தையும் தலையெழுத்துகளாகின்றன. தெ.பொ.மீ. என்பதில் மூன்றாம் எழுத்து இயற்பெயரினுடையது. ஆகவே தலையெழுத்தின் விரிவைப் பதியாமல் எழுத்தை மட்டும் பதிவது போதாது. தமிழில் தலையெழுத்து உயிர்மெய்யாக நிற்பதால் ச, சி, சு, செ என வேறுபடும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அனைத்தும் ஒரே 'எஸ்' ஆகிவிடும். எனவே ஆங்கிலத் தலையெழுத்திலிருந்து தமிழ் வடிவத்தை நிரலால் வருவித்தல் கூடாது.

மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் தலையெழுத்துப் புலம் ஆறு குறிகளை மட்டுமே ஏற்கும். 'தெ.பொ.' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்தும் இரண்டு புள்ளியும். கணினிக்கோ ஆறு குறி. ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்து உள்ளிட்டால் அது ஏழாகி மறுக்கப்படும்.

பெண்களுள் பலர் திருமணத்திற்குப் பின் தந்தையின் தலையெழுத்தை விடுத்துக் கணவரின் தலையெழுத்தை ஏற்கின்றனர். பெயரையே பதிவின் தனியடையாளமாக வைத்த அடைவில் இம்மாற்றம் பதிவின் முகவரியையே மாற்றிவிடும். குழு உறுப்பினர் பட்டியல்களைத் தானே திருத்தும் ஏற்பாடு இல்லையெனில் அவர் அனுமதிகளை இழப்பார். பயனர்பெயரை 'பெயர்+தலையெழுத்து' என அமைக்கும் பரவலான வழக்கம் இக்காரணத்தால் ஏற்கத்தக்கதன்று. மாறாத பணியாளர் எண் அல்லது பொருளற்ற குறி எண்ணே தனியடையாளமாதல் வேண்டும்.

எழுத்து வடிவும் ஒருங்குறியும்

ரகர லகரங்கள் மொழிமுதல் வாரா என்னும் இலக்கண மரபின்படி 'இராமசாமி' என எழுதுவோர் உளர். 'ராமசாமி' எனக் கையொப்பமிடுவோரும் உளர். அடைவு இலக்கணத் திருத்தம் செய்யும் இடமன்று. பெயருக்குரியவர் எழுதும் வடிவமே முதன்மை வடிவம். பொதுப்பெயர்ப் புலம் பல மதிப்புகளை ஏற்குமாதலின் மற்ற வடிவங்களைத் தேடலுக்காக உடன் சேர்க்கலாம். தமிழ் வடிவத்தை ஆங்கில வடிவத்திலிருந்து பிரித்துக் காட்ட மொழிக் குறி இடும் வசதியும் எல்டாப்பில் உண்டு, ஆர்.எஃப்.சி. 3866 அதனை வரையறுக்கிறது.

வடிவம் ஒன்றாயிருந்தும் குறியீடு வேறாதல் இதனினும் நுட்பமானது. மேற்கூறிய ஒகரக் குறியின் இரு உள்ளீடுகளையும் ஒருங்குறி நிகரானவையாகக் கொள்கிறது. இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகிவிடும். ஔகாரம் அவ்வாறன்று. அறிஞர் ஔவை துரைசாமியின் ஊர்ப்பெயர்க் கூற்றை ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அழுத்தி உள்ளிட்டால் அது 'ஒளவை' என்னும் வேறு சொல். எந்த இயல்பாக்கமும் அதனை மீட்காது. 'ஸ்ரீ' என்பதற்கும் இரு குறியீட்டு வழிகள் உள்ளன. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று. 2005-இல் ஒருங்குறியில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகத் தோன்றினும் நிகரானவை அல்ல. ஆதலின் இவ்விரண்டிற்கும் உள்ளீட்டுத் திரையிலேயே மாற்று விதி அமைத்தல் இன்றியமையாதது.

பழைய பதிவுகளைத் திருத்துவதே கடினமான பணி. 'முருகன் செல்வம்' என்பதில் எது தந்தை பெயர் என்பதை நிரல் அறியாது. ஊகித்துப் பிரித்தால் பழைய பிழை புதிய புலங்களில் தொடரும். அத்தகைய பதிவுகளை மாற்றாமல் தனியே குறித்துவைத்து, உரியவர் அடுத்தமுறை கடவுச்சொல் புதுப்பிக்கும்போது இயற்பெயரையும் தலையெழுத்தின் விரிவையும் அவரிடமே கேட்டுப் பெறுதல் பொருத்தமாகும்.