அடைத்துக்கொள்ளாத பம்ப்

கேள்வி: கிணற்று பம்ப்பில் ஒரு சருகு மாட்டினாலே நின்றுவிடுகிறது. கழிவுநீர் பம்ப் மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?
– வாசகர், ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்

பதில்: சூட்சுமம் உள்ளே சுழலும் சக்கரத்தில் இருக்கிறது. கிணற்று பம்ப்பில் இதழ்கள் நெருக்கமாக இருக்கும். கழிவுநீர் பம்ப்பில் ஒன்றிரண்டு இதழ்கள்தான்; இடையே அகலமான வழி. திடப்பொருளும் நீரோடு சேர்ந்து வெளியேறிவிடும். இதனால் மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். அடிக்கடி அடைத்துக்கொள்வதைவிட அது மேல்.

சாக்கடைக் குழாய் சரிவில்தான் ஓடும். போகப்போக ஆழமாகும். ஓரளவுக்கு மேல் தோண்ட முடியாதபோது, ஒரு தொட்டியில் தேக்கி இந்த பம்ப்பால் மேலேற்ற வேண்டும். தொட்டியில் மட்டம் உயர்ந்ததும் மிதவை சுவிட்ச் மோட்டாரை ஓடவைக்கும், தாழ்ந்ததும் நிறுத்தும். ஏறிய நீர் திரும்பி வராமல் ஒருவழி வால்வு தடுக்கும். உங்கள் நகரில் இப்படி ஏற்றப்படும் கழிவுநீர், பக்கத்து முட்டத்தறையில் கேரள நீர் ஆணையத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர்.

ஆனால் துணி, நாப்கின், ஈர டிஷ்யூ மூன்றும் எந்தச் சக்கரத்தையும் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். தயவுசெய்து அவற்றைக் குப்பைக்கூடையில் போடுங்கள். தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு தங்கும். அடைப்பெடுக்க ஆளை இறக்குவது உயிருக்கே ஆபத்து. பாதுகாப்புச் சாதனமின்றி அப்படி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது.