ஜோஷிமடம்

இமயமலைச் சாரலில், உத்தராகண்ட மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், ஜோஷிமடம் என்னும் சிற்றூர் உள்ளது. ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் அமைந்த இவ்வூர், பதரிகாசிரமம் செல்லும் அடியவர் தங்கிச் செல்லும் இடமாகும். ஆதிசங்கரர் நிறுவியதாக மரபு கூறும் ஜோதிர்மடம் இங்குள்ளது. அதன் பெயரே மருவி ஊர்ப்பெயராயிற்று. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுவே என்பது வைணவர் கொள்கை. பனிக்காலத்தில் பதரிநாதர் கோயில் அடைக்கப்படும்பொழுது, அவ்வழிபாடு பாண்டுகேசுவரத்திலும் இவ்வூர் நரசிம்மர் கோயிலிலும் நடைபெறும்.

இவ்வூர் சேர்ந்தவர் எத்திசை நோக்கினும் வியப்பெய்துவர். கீழே, ஆழ்ந்த பள்ளத்தாக்கில், தௌலிகங்கை ஆரவாரித்து வந்து அளகநந்தையுடன் கலக்கின்றது. அக்கூடலுக்கு விஷ்ணுப்பிரயாகை என்று பெயர். மேலே, ஔலி என்னும் புல்வெளி பரந்து கிடக்கின்றது. அங்கு நின்று நோக்குவார்க்கு, 7,816 மீட்டர் உயர்ந்த நந்தாதேவிச் சிகரம் வெண்பட்டு உடுத்தாற்போல் காட்சி தரும். மாலைக் கதிரவன் ஒளி பட்டதும் அவ்வெண்மை பொன்னிறமாக மாறும்.

எனினும், இவ்வழகிய ஊர் நிற்கும் நிலம் திண்ணியதன்று. பண்டு மலை சரிந்து குவிந்த மண்ணும் கல்லுமே அதன் அடித்தளம். இதனை ஆராய்ந்த அரசுக் குழு ஒன்று, 1976-ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கை விடுத்தது. பெருங்கட்டடங்கள் எழுப்பலாகாது, சரிவைத் தாங்கும் பாறைகளைத் தோண்டியும் வெடிவைத்தும் பெயர்க்கலாகாது, மரங்களை வளர்த்தல் வேண்டும் என்பன அதன் அறிவுரைகள். மரத்தின் வேர் மண்ணைப் பிணித்து நிறுத்தும் அன்றோ? அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1974-இல், அண்மையிலுள்ள ரேணிச் சிற்றூரின் மகளிர், கௌராதேவி தலைமையில், காட்டு மரங்களை வெட்ட வந்தோரைத் தடுத்து நிறுத்தினர். கல்லூரி காணாத அப்பெண்டிர் கண்ட உண்மையையே கற்றோர் குழுவும் கண்டது.

அறிவுரை ஏட்டளவில் நின்றது. மாடிவீடுகளும் விடுதிகளும் பெருகின. கழிவுநீர் வடிதற்கு ஏற்ற வாய்க்கால்கள் இன்மையால், அந்நீர் மண்ணுள் இறங்கிற்று. 2023-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நிலம் விரைந்து அமிழ்ந்தது. 800-க்கு மேற்பட்ட கட்டடங்கள் வெடிப்புற்றன. பனி பொழியும் அக்காலத்தில், பல குடும்பத்தினர் வாழ்ந்த வீட்டைத் துறந்து புகலிடம் தேடிச் சென்றனர்.

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுவர் சான்றோர். அப்பொறுமைக்கும் ஓர் அளவுண்டு என்பதை ஜோஷிமடம் காட்டுகின்றது. மலையழகு கண்டு மகிழ்வோர், அம்மலை தாங்கும் பாரத்தையும் எண்ணிப் பார்த்தல் கடனாகும்.