கம்ப்யூட்டர் கணக்கில் பெயர்ப் பதிவும் எல்லையும்

புதிய பேரேடு தொடங்கும்போது ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, தலைப்பில் பெயர் எழுதுகிறோம். அதன் பிறகே வரவும் பற்றும் அதில் ஏறும். கம்ப்யூட்டர் கணக்கிலும் முறை இதுவே. பெயரிட்டு ஒதுக்கிய அவ்விடத்தை 'மாறி' என்பர். அதிலுள்ள தொகை மாறிக்கொண்டிருப்பதால் வந்த பெயர் அது.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு பேராசிரியர்கள், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கற்கும்படி 'பேசிக்' மொழியை ஆக்கினர். அதன் வழிவந்த விஷுவல் பேசிக், 1993 முதல் எக்செல் ஏட்டினுள்ளேயே அமைந்துள்ளது. எக்செலில் பில் கூட்டும் 'மேக்ரோ' இம்மொழியில் எழுதப்படுவதே. புரிவதற்காக இங்கே பெயர்களைத் தமிழில் தருகிறோம். எழுதும்போது ஆங்கில எழுத்துக்களில் எழுதுக.

1. பதிவு

டிம் மொத்தம் அஸ் கரன்சி

'மொத்தம் என்ற பெயருக்கு இடம் ஒதுக்கு. அதில் பணத்தொகை இருக்கும்' என்பது இதன் பொருள். கரன்சி என்னும் வகை நான்கு தசம இடம் வரை பிசகாமல் வைத்திருக்கும். எண்ணிக்கைக்கு 'இன்டிஜர்' போட்டால் 32,767-க்கு மேல் ஏற்காது; 'லாங்' போடுவதே நலம். 'டிம் விலை, மொத்தம் அஸ் கரன்சி' என்று சேர்த்தெழுதினால் மொத்தம் மட்டுமே கரன்சியாகும். விலைக்கு வகை குறித்ததாகாது.

பதியாமலே பெயரை எழுதினாலும் இம்மொழி ஏற்றுக்கொள்ளும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு சரக்காகக் கூட்டும் வரி இது:

மொத்தம் = மொத்தம் + விலை

இதனை 'மொத்தம் = மெத்தம் + விலை' என்று கைதவறி எழுதிவிட்டதாகக் கொள்வோம். 'மெத்தம்' என்ற புதுப்பெயர் தானே உண்டாகிவிடும்; அதன் மதிப்போ பூஜ்யம். 40, 25, 60 வெள்ளிச் சரக்குகளுக்கு 125 வெள்ளி வரவேண்டிய பில்லில் கடைசி 60 மட்டுமே நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது. 65 வெள்ளி நஷ்டம் மட்டும் வரும்.

இதற்குக் காவல், பக்கத்தின் உச்சியில் 'ஆப்ஷன் எக்ஸ்பிளிசிட்' என்று எழுதுவதாகும். எழுதிவிட்டால், பதியாத பெயரைக் கண்டதும் மேக்ரோ ஓட மறுத்து, அப்பெயரைச் சுட்டிக்காட்டும்.

2. எல்லை

ஒரு பெயர் எங்கெங்கே செல்லும் என்பதே எல்லை. அது மூவகை.

(அ) 'சப்' என்று தொடங்கி 'எண்ட் சப்' என்று முடியும் ஒரு செய்முறைக்குள் 'டிம்' போட்டது அதற்குள் மட்டுமே செல்லும். வேலை முடிந்ததும் அழிந்து, அடுத்த முறை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மேசைமேல் எழுதிக் கிழிக்கும் துண்டுச்சிட்டை போன்றது. அழியாதிருக்க வேண்டுமானால் 'டிம்' என்பதற்குப் பதில் 'ஸ்டாடிக்' போடுக.

(ஆ) செய்முறைகளுக்கு வெளியே, பக்கத்தின் உச்சியில் 'பிரைவேட்' என்று பதிந்தது அப்பக்கத்துச் செய்முறைகள் அனைத்துக்கும் பொது. கடைப் பேரேடு போன்றது.

(இ) சாதாரண மாட்யூல் பக்கத்தின் உச்சியில் 'பப்ளிக்' என்று பதிந்தது எல்லாப் பக்கங்களுக்கும் செல்லும். கடைவாசற் கரும்பலகை போன்றது. யாரும் படிக்கலாம், யாரும் அழித்தும் எழுதலாம்.

பில் தொகையை உச்சியில் பதிந்தால் வருவதைப் பாருங்கள். முதல் வாடிக்கையாளருக்கு 120 வெள்ளி. அது அழியாமல் நிற்கும். அடுத்தவர் வாங்கியது 80 வெள்ளிக்கு. பில்லில் வருவதோ 200! அவர் கேட்டால் கடையின் நாணயம் போயிற்று. கேளாமல் கொடுத்துவிட்டாலோ, நமக்குச் சேராத பணம் கல்லாவில் சேர்ந்தது. துண்டுச்சிட்டையில் இருக்கவேண்டியதைப் பேரேட்டில் ஏற்றியதே பிழை.

ஆகவே விதி இரண்டு: எப்பெயரையும் பதிந்த பிறகே எழுதுக, வேலைக்குப் போதுமான மிகச் சிறிய எல்லையையே கொடுக்க.

பயிற்சி: இன்று எத்தனை பில் போட்டோம் என்று ஒரு செய்முறை எண்ண வேண்டும், பிற செய்முறைகள் அவ்வெண்ணைத் தொடலாகாது. எச்சொல்லால் பதிவீர்கள்?