புகையும் நெருப்பும்: குருதி கூறும் சான்று

மலையிலே புகையைக் கண்டவன் அங்கு நெருப்பு உண்டெனத் துணிகின்றான். இதனை அளவை நூலார் அனுமானம் என்பர். வகுப்பறையிலே இவ்வுதாரணத்தைப் பலகாலும் எடுத்துரைத்த நாம், இக்கால மருத்துவரும் இம்முறையானே இதய நோயை முன்னறிய முயலுதல் கண்டு வியந்தோம். இம்மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர் ஐம்பது வயதைக் கடந்தவராதலின், அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதயத் தசைக்குக் குருதி ஊட்டுவன முடியுரு நாடிகள். நீர்க்குழாயில் அழுக்கடைவது போல இவற்றிற் கொழுப்புப் படிதலே நோய் என முன்னர்க் கருதினர். உண்மை அவ்வளவில் அமையவில்லை. நாடிச் சுவரினுட் புகுந்த கொழுப்பை அகற்ற வெண்குருதிக் கலங்கள் திரளுகின்றன, அழற்சி மூளுகின்றது. அதனால் நலிந்த படிவு வெடிப்பின், அவ்விடத்தே குருதி உறைந்து வழியை அடைக்கும். மாரடைப்புப் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது.

அழற்சி நெருப்பாயின் அதன் புகை யாது? 1930ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து ரொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்திலே தில்லெற், பிரான்சிஸ் என்னும் இருவர், நியூமோனியா நோயாளரின் குருதியில் ஒரு பொருளைக் கண்டனர். அந்நோய்க் கிருமியின் 'சி' என்னும் கூற்றோடு அது வினைபுரிந்தமையால், சி-எதிர்வினைப் புரதம் எனப் பெயர் பெற்றது. அதனை ஆக்குவது ஈரல். அதன் அளவு இலீற்றருக்கு 1 மில்லிகிராமிற் குறையின் இதய நோய்க்கான இடர் குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3இன் மேல் மிகுதி என 2003இல் அமெரிக்க அறிஞர் வகுத்தனர்.

ஆயினும், புகை நெருப்புண்மையைக் கூறுமேயன்றி, அது எவ்வறையில் எரிகின்றதெனக் கூறாது. சளிச்சுரம், மூட்டுவாதம், முரசு நோய் ஆகியவற்றாலும் இப்புரதம் உயரும். 10இன் மேற்படின், வேறு நோய் உளதோவென ஆராய்ந்து, சில வாரங்களின் பின் மீளச் சோதிப்பர்.

நெருப்பை அவித்தாற் பயனுண்டோ? 2017இல் வெளியான கன்ரோஸ் ஆய்விலே, முன்னர் மாரடைப்புற்ற பதினாயிரவருக்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். கொலஸ்திரோலைக் குறையாது அழற்சியை மாத்திரம் தணிக்கும் மருந்தொன்றை 150 மில்லிகிராம் அளவிற் பெற்றோரிடத்து, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியன மொத்தத்தில் 15 வீதம் குறைந்தன. எனினும், அம்மருந்து பெற்றோரிடை உயிர்கொல்லும் கிருமித்தொற்று மிகுந்தது. உடலைக் காப்பதும் அவ்வழற்சியே அன்றோ?

ஆகவே, இச்சோதனை ஒரு சான்றேயன்றித் தீர்ப்பன்று. எண் குறைந்ததெனப் புகைத்தலைத் தொடர்வதும், குருதியமுக்கம், நீரிழிவு, கொலஸ்திரோல் ஆகியவற்றைக் கவனியாது விடுவதும் பேதைமையாம். நெஞ்சை அழுத்தும் வலியும் வியர்வையும் தோன்றின், இப்புரதத்தை அளக்கக் காத்திராது வைத்தியசாலைக்கு விரைக. அங்கே இதய மின்வரைபும், இதயத் தசை சிதைவதைக் காட்டும் துரோப்போனின் சோதனையுமே உடன் வேண்டப்படுவன. வீடு பற்றியெரியும்போது புகையை அளந்துகொண்டிருப்பார் உளரோ?