கல்லைச் செதுக்கும் நீர்

அசகான், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் வாழும் நமக்கு லேடாங் மலை புதியதன்று. மலாக்கா எல்லையை ஒட்டி, ஜொகூரில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையின் ஓடைகளில், யானை முதுகையொத்த வழுவழுப்பான பாறைகளைக் கண்டிருப்போம். நீர் உருட்டி உருட்டியே அவை உருண்டையாயின என்பாருளர். கூழாங்கற்களுக்கு அது பொருந்தும். வீடு போன்ற பாறையை எந்த வெள்ளம் நெடுந்தொலைவு உருட்டும்? அவற்றுள் பெரும்பாலானவை மண்ணுக்குள்ளேயே அவ்வடிவம் பெற்றவை.

லேடாங் கருங்கல் மலை. பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதே அக்கல். மேலிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டுப் போகவே, பாரம் குறைந்த கருங்கல் விரிந்து வெடிப்புகள் கண்டது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்ட மழைநீர், மெல்லிய அமிலமாகி அவ்வெடிப்புகளில் இறங்குகிறது. கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் அதனால் களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் மாறாது மணலாக எஞ்சுகிறது. சதுரக் கல்லின் மூலையை நீர் மூன்று பக்கமும் தாக்கும். நடுப்பரப்பையோ ஒரு பக்கமே தாக்கும். ஆகவே மூலைகள் முதலில் மழுங்க, வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காய் உரிந்து, உள்ளே உருண்டை எஞ்சுகிறது. ஓடை களிமண்ணை அரித்துச் சென்றபின் பாறை வெளிப்படுகிறது. (நம் நாட்டில் பால்மரங்கள் செழிக்கும் நிலங்கள் பலவும் இவ்வாறு கருங்கல் இற்றுப் பிறந்தவையே.)

ஓடையும் தன் பங்கைச் செய்யாமலில்லை. வெறும் நீர் கல்லைத் தேய்ப்பது சிறிதே. அது ஏந்திவரும் மணலே உளி. சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் சுற்றிச்சுற்றி அரைத்து, பாறையில் உரற்குழி போன்ற பள்ளங்களைக் குடைகின்றன.

இவ்வேலை பெரும்பாலும் பெருமழை நாளின் சில மணி நேரத்தில் நடப்பது. நீரின் வேகம் இருமடங்கானால், அது நகர்த்தவல்ல கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும் என்பது கணக்கு. விடுமுறையில் பிள்ளைகளுடன் சாகில் பக்கத்துப் புத்ரி நீர்வீழ்ச்சிக்குச் செல்வோர் இதனை மனத்திற்கொள்ளல் வேண்டும். 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் கெடாவின் ஜெராய் மலையில் பெய்த பெருமழை, பாறைகளையும் மரங்களையும் வாரிக்கொண்டு இறங்கி உயிர்களைப் பலிகொண்டது.

அடிவாரத்தில் வெயில் அடித்தாலும் உச்சியில் மழை பெய்யலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலே இரைச்சல் கேட்டல் ஆகியன ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் வெள்ளத்தின் அடையாளங்கள். அப்போது நடு ஓடைப் பாறைமீது ஏறி நிற்றல் ஆகாது. உடனே கரையேறி மேட்டிற்குச் செல்லல் வேண்டும். நீரோரம் வைத்த சோற்றுக்கூடையை எடுக்கத் திரும்புதல் வேண்டா.