நாயின் முழங்கால் நாரும் அறுவை பற்றிய முடிவும்



நாய்களின் பின்னங்கால் நொண்டலுக்குப் பெரும்பாலும் காரணமாக அமைவது, முழங்கால் மூட்டினுள் தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைத்து நிற்கும் முன் சிலுவை நார் என்னும் லிகமென்ட் கிழிவதே ஆகும். (பின்னங்காலில் பின்னோக்கிக் கூர்ந்து நிற்கும் மூட்டைப் பலர் முழங்கால் என்று கருதுகின்றனர், அது கணுக்கால். முழங்கால் வயிற்றின் அடிப்பக்கத்தை ஒட்டி முன்னோக்கி மடிந்திருக்கிறது.) மனிதரில் இந்நார் விளையாட்டின்போது ஒரே முறுக்கில் அறுவது வழக்கம், நாயிலோ மாதக்கணக்கில் நைந்துவந்த நார், படியிறங்குவது போன்ற எளிய அசைவிலேயே அறுந்துவிடுகிறது. அதனால்தான் ஒரு காலில் அறுந்த நாய்களில் கணிசமானவற்றுக்குப் பின்னர் மறுகாலிலும் அறுகிறது.

எக்ஸ்ரேயில் நார் தெரிவதில்லை. மூட்டில் நீர் கோத்திருப்பதும் எலும்பின் விளிம்புகளில் புது எலும்பு முளைத்திருப்பதும் மட்டுமே தெரியும். எனவே மருத்துவர் தொடையெலும்பை ஒரு கையால் அசையாமல் பற்றி, மறுகையால் கீழ்க்கால் எலும்பை முன்னோக்கித் தள்ளிப் பார்க்கிறார். அவ்வெலும்பு மேசை இழுப்பறை போல் முன்னே நழுவினால் நார் அறுந்தது உறுதி. நழுவாவிட்டால் நார் நலமாக உள்ளது என்று கொள்ள இயலாது; பாதிக் கிழிவில் நழுவல் புலப்படாமல் போகலாம், தசையை இறுக்கிக்கொள்ளும் பெரிய நாய்க்கு மயக்க மருந்து கொடுத்தபின்னரே உண்மை தெரியவரும்.

அறுவை வேண்டுமா என்ற கேள்விக்கு நாயின் எடையே முதல் விடை. கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு நாய்களில் ஏறத்தாழ 25 பாகை பின்னோக்கிச் சரிந்திருப்பதால், ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரம் அவ்வெலும்பை முன்னே தள்ளுகிறது. பாரம் கூடக் கூட அத்தள்ளலும் கூடுகிறது. அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஆய்வொன்றில், 15 கிலோ வரை எடையுள்ள நாய்களில் நூற்றுக்கு 85-க்கு மேற்பட்டவை அறுவையின்றியே தேறின அல்லது முன்னேறின. அதற்கு மேற்பட்ட எடையுள்ளவற்றில் அந்நிலையை எட்டியவை நூற்றுக்கு 20-க்கும் குறைவு. லாப்ரடார் போன்ற இனங்களுக்கு மருத்துவர்கள் தயங்காமல் அறுவையைப் பரிந்துரைப்பதன் காரணம் இதுவே. இன்று பெரிய நாய்களுக்குப் பரவலாகச் செய்யப்படும் டி.பி.எல்.ஓ. என்னும் அறுவை அறுந்த நாரைத் தைப்பதில்லை. கீழ்க்கால் எலும்பின் தலைப்பகுதியை வளைவாக அறுத்துச் சுழற்றி, சரிவை ஏறத்தாழ 5 பாகையாகக் குறைத்து உலோகத் தகட்டால் பொருத்துகிறது. சரிவு குறைந்தபின் நாரின் தேவையே பெருமளவு நீங்கிவிடுகிறது. கால்நடை அறுவை மருத்துவத்தின் மிக அழகிய சிந்தனைகளுள் இதுவும் ஒன்று.

எனினும் எடை ஒன்றே தீர்ப்பன்று. எடை மிகுந்த 40 நாய்களைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி மருத்துவம், வலிநிவாரணி ஆகியவற்றோடு அறுவையும் பெற்றவற்றில் நான்கில் மூன்று பங்கு ஓராண்டில் நன்னிலை எய்தின; அறுவை பெறாதவற்றிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்நிலையை எட்டின. ஆனால் அறுவையின்மை என்பது சும்மா இருப்பதன்று: வாரக்கணக்கில் கயிற்றிலேயே குறுநடை, மாடிப்படிக்கும் வழுக்கும் தரைக்கும் தடை, விடாத எடைக்குறைப்பு ஆகியவை வேண்டும். மனிதர்க்குரிய இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாதலால் வலிமருந்தைக் கால்நடை மருத்துவரே தர வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரம் இவ்வாறு காத்தும் நாய் கால் நுனியை மட்டுமே தரையில் தொட்டு நின்றால், அல்லது தேறிவந்த நாய் திடீரென மீண்டும் காலைத் தூக்கி, நடக்கையில் மூட்டில் ‘டக்’கென்ற ஒலி கேட்டால், மெனிஸ்கஸ் எனப்படும் பிறைவடிவக் குருத்தெலும்புத் தட்டு கிழிந்திருக்கக்கூடும். அக்கிழிவு ஓய்வால் ஆறுவது அரிதாகையால், சிறிய நாயாயினும் அந்நிலையில் மூட்டைத் திறந்து பார்ப்பதைத் தள்ளிப்போடலாகாது.