அந்தக் குப்பியைத் திறக்காதே

அன்புள்ள மருமகன் கவினுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சின்னக் கண்ணாடிக் குப்பி, அடியில் வெள்ளைப் பொடி, மேலே 'தைமோசின் ஆல்பா-1' என்று லேபிள். அதற்கும் கீழே பொடி எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல என்று போட்டிருக்கிறது. விற்றவன் சொன்ன எதையும் நம்பாதே; அந்த ஒரு வரியை நம்பு.

மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியிலிருந்து ஆலன் கோல்ட்ஸ்டைன் குழுவினர் பிரித்தெடுத்த, 28 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு அது. நோய் எதிர்ப்புச் சக்திக்கான டி அணுக்கள் முதிர உதவுகிறது. 'ஸடாக்சின்' என்ற பெயரில் சீனா, இத்தாலி உட்பட 30க்கும் மேற்பட்ட நாடுகளில் அனுமதி உண்டு. எதற்கு? பெரும்பாலும் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு. உன் அசதிக்கும் சளிக்கும் அல்ல.

நீ இருக்கும் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அதை எந்த நோய்க்கும் அனுமதிக்கவில்லை. சில அரிய நோய்களுக்கு 'ஆர்ஃபன்' தகுதி தந்தது. அது ஆய்வுக்கு ஊக்கம், விற்க உரிமம் அல்ல. மருந்தகங்கள் தாமே தயாரித்துத் தருவதையும் 2023இல் ஆபத்துள்ள பிரிவில் சேர்த்தது. ஊசியில் ஏறும் பெப்டைடில் கசடு கலந்திருந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த மருந்தின்மேலேயே பாயக்கூடும் என்பது ஒரு காரணம். பிறகு அந்தப் பட்டியல் மாறியது. பட்டியல் மாறினால் மருந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது.

இந்த மருந்தைச் செப்சிஸ் என்ற கடும் தொற்று நிலைக்குச் சோதித்த கதையைக் கேள். 2013இல் வெளியான சீன ஆய்வில் 361 நோயாளிகள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் மருந்து போட்டுக்கொண்டோரில் 26 விழுக்காடு, மற்றவர்களில் 35. பெரிய நம்பிக்கை பிறந்தது. பிறகு 1,100 பேருக்கு மேல் சேர்த்து, எது மருந்து, எது போலி ஊசி என்று மருத்துவருக்கே தெரியாதபடி நடத்தினார்கள். 2025இல் பி.எம்.ஜே. இதழில் முடிவு வந்தது: 28 நாளுக்குள் இறந்தவர்கள் மருந்து போட்டோரில் 23.4 விழுக்காடு, போலி ஊசி போட்டோரில் 24.1. மருந்து உயிர் காத்ததாகக் காட்ட முடியவில்லை. இவ்வளவு கவனமாக நடந்த சோதனையே இப்படிச் சொல்லும்போது, ஜிம்மில் ஒருவர் 'எனக்கு நன்றாக வேலை செய்தது' என்பதை வைத்து ஊசியை எடுக்கலாமா?

உன் அறைத்தோழன் சிறுநீரக மாற்று செய்துகொண்டவன் என்றாயே, அவனிடம் இந்தப் பேச்சையே எடுக்காதே. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்துத்தான் அந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள்; இந்த மருந்தோ அதைத் தூண்டிவிடக்கூடியது.

இந்த வாரமே மருத்துவரைப் பார். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 மூன்றும் பார்க்கச் சொல். முடிவு வந்ததும் எனக்கு அனுப்பு, சேர்ந்து படிப்போம். அதுவரை அந்தக் குப்பியைத் தொடாதே.

அன்புடன்,
மாமா